இருபத்தேழாம் கேள்வி

பன்னிரண்டு பக்கக் கேள்விக்கொத்து.
பெரும்பாலும் "கடந்த ஏழு நாட்களில்" என்று தொடங்கும்:
களைப்பு இருந்ததா, வாந்தி வந்ததா,
படியேற மூச்சு வாங்கியதா.
ஒன்று, இல்லவே இல்லை.
நான்கு, மிக அதிகம்.
ஆட்கள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
ஓர் இடம் தேடுவார்கள்.
அதற்குக் கட்டம் அடிக்கவில்லை.

வாட்டில் காலை வேலை முடித்து
சீருடையைப் பையில் திணித்துக்கொண்டு
கிண்ணியா பஸ் பிடித்தேன்.
மேற்படிப்புக்கு நாற்பத்தொரு பேர் வேண்டும்.
ஜெஸீமா முப்பத்தெட்டாவது.
பாலத்தில் ஏறியதும் கடற்காற்று
யன்னலால் கை நீட்டித் தாள்களைப் பிடுங்கப் பார்த்தது.

தையல் மெஷினுக்கு மேலே கொடியில்
முதலாம் வகுப்பு அளவில் வெள்ளைச் சட்டைகள்.
"ஓடர்" என்றாள், நான் பார்த்ததைப் பார்த்து.
ஒரு பக்க மார்பு இல்லாதது தெரியாமல்
தன் சட்டையைத் தானே வெட்டித் தைத்திருந்தாள்.
"பஞ்சு மட்டும் வெச்சா பாரம் காணாது மிஸ்,
உள்ளுக்குப் பாசிப்பயறு.
மழையில நனைஞ்சா முளைச்சிரும்."
அவள் சிரித்தாள். எந்தக் கட்டத்தில் போடுவது அதை?

தூக்கம் மூன்று. காசுக் கஷ்டம் நான்கு.
கை வீக்கம் இரண்டு, தைக்கிற நாளில் மூன்று.
பிறகு இருபத்தேழு.
"சிகிச்சை தொடங்குமுன், பிற்காலத்தில் பிள்ளை பெறுவது பற்றி
யாராவது உங்களுடன் பேசினார்களா?"
ஆம். இல்லை. நினைவில்லை.

பெடலில் அவள் கால் நின்றது.
"பேசியிருந்தா என்ன செஞ்சிருக்கலாம்?"

சொன்னேன். கொழும்பில் செய்கிறார்கள்,
முட்டையை எடுத்து உறையவைக்கலாம்,
செலவு கூட, எல்லாருக்கும் சரிவராது,
மருந்து ஏற்றுவதற்கு முன்னம் செய்ய வேண்டும்.

"அப்ப அதுக்கெண்டு ஒரு நாள் இருந்திருக்கு."

"இருந்தது."

ஊசியில் நூல் கோர்த்தாள். கோர்த்த நூலை உருவினாள்.

"அண்டைக்கு எனக்கு மருந்து ஏத்தினது நீங்கதானே.
நல்ல கை மிஸ் ஒங்கட. ஒரே குத்துல நரம்பு.
நோகுதா எண்டு கேட்டதும் நீங்க மட்டுந்தான்."

கேட்டேன்.
நோகுதா என்று கேட்டேன்.

பேனையை வாங்கி அவளே கட்டத்தை நிரப்பினாள்,
வெளியே மை போகாமல்.
"அடுத்ததக் கேளுங்க, மஃரிபுக்கு முந்தி முடிக்கணும்."
மொத்தத்தில் உங்கள் வாழ்க்கைத் தரம்,
ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும்?
"ஆறு" என்றாள். "முன்னூறு சட்டை ஓடர் இருக்கு.
ஏழெண்டா பொய்யாப் போகும்."

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கி
கொஞ்ச நேரம் நின்றேன்.
புள்ளிமான் ஒன்று பைக்குள் மூக்கை விட்டு
தாளொன்றின் மூலையைச் சுவைத்துவிட்டு
வேண்டாமென்று போனது.

நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு 'இல்லை'.
"வலுவான பெறுபேறு" என்றார் மேற்பார்வையாளர்.
அந்த முப்பத்தாறில்
எத்தனை கையில் ஊசி ஏற்றியது நான்
என்பதற்கு அட்டவணையில் நிரல் இல்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
சல்லியிலிருந்து துவாரகன், பத்தொன்பது வயது,
கழுத்தில் கட்டி, காலில் இன்னும் கடல் மணல்.
வியாழன் முதல் மருந்து.
தாயை வெளியே இருக்கச் சொன்னேன்.
அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்.

கேட்டேன்.
காது சிவந்து, சுழலும் மின்விசிறியைப் பார்த்தான்.
எனக்கும் வாய் உலர்ந்தது. பதினாறு வருடம் தாதி நான்,
அந்தச் சொல்லைத் தமிழில் சத்தமாகச் சொன்னது அன்றுதான்.

"எத்தின நாள் இருக்கு அக்கா?"
"டொக்டரோட கதைச்சா ஒரு நாலு நாள் தள்ளலாம்."

விரலை மடக்கி எண்ணினான்.
"நைட் ட்ரெயின்ல சீட் கிடைக்குமா?"

ஸ்டேஷனுக்கு ஃபோன் எடுத்தேன்.
மணி அடித்துக்கொண்டிருந்தது.